ஏழாங்குடிக் குழாய்

தாழைமுனையின் ஏழாங்குடித் தெருவில் நின்ற தண்ணீர்க் குழாய், தண்ணீர் தருவதை விட்டுவிட்டு வாங்கத் தொடங்கியது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு நோன்பு மாதத்தில். அதே மாதத்தில் கரைவலைகளில் கீரிமீன் கொட்டோ கொட்டென்று பட்டது, சாயத்தூளின் விலை ஏறியது, சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் புகைபோக்கி சாய்ந்தது. ஊரில் பெரிதாகப் பேசப்பட்டது புகைபோக்கியைத்தான். குழாய் முதலில் வாங்கியது காற்றை. அடுத்ததாக, குடத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்த ஜுனைதாவின் முந்தானை நுனியை. அவள் இழுக்க, அது இழுக்க, கடைசியில் அரை முழத் துணி கிழிந்து உள்ளேயே போய்விட்டது. மறுநாள் அந்தத் துணி, மஞ்சள் கறையும் மாறாமல், முதலாங்குடித் தெருவில் ஆதம்லெவ்வை மரைக்காயருடைய வளவுக் குழாயிலிருந்து அவர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்யும் செம்புக்குள் விழுந்தது. மரைக்காயர் அதைப் பிழிந்து வேலியில் காயப்போடச் சொன்னார். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

தாழைமுனை, மருதமுனைக்குத் தெற்கே கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர். பாதிப் பேர் கடலை நம்பியிருந்தார்கள், பாதிப் பேர் தறியை. அங்கே பிள்ளைக்கு உம்மாவின் குடிதான் குடி. வாப்பாவின் குடி செல்லாது. அப்படி ஏழு குடிகள். குடிக்கு ஒரு மரைக்காயர். ஏழு பேரும் கூடி உட்கார்ந்தால் அதுதான் பள்ளிவாசல் நிர்வாகம். பள்ளிவாசலில் கந்தூரி விருந்துச் சோறு பகிரும்போது முதலாங்குடியில் தொடங்கி ஏழாங்குடியில் முடிப்பார்கள். இறைச்சி எந்தக் குடியோடு முடிகிறது என்பது அன்றைய மாட்டைப் பொறுத்தது. இந்த வரிசையை யார் போட்டது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதை மாற்றலாமா என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும்.

முந்தின வருடம் பெரிய தெருவோரத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்று எழும்பியது. குடிக்கு ஒரு குழாய் என்று முடிவாயிற்று. குழாய்ப் பாதையை வரைய வந்தவர் காரைதீவைச் சேர்ந்த ஓவசியர் செல்லத்தம்பி. மீசை சரியாக அரும்பாத வயது, முதல் வேலை, ஒழுங்கான மனிதர். தாங்கியிலிருந்து கடற்கரை வரைக்கும் நேராக ஒரு கோடு, அதிலிருந்து தெருவுக்கு ஒரு கிளை என்று அழகாக வரைந்து கொண்டுவந்தார். முதலாங்குடி மரைக்காயரான ஆதம்லெவ்வை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்து மையித்துக் கிடந்தாலும் முதலில் போய் நிற்பவர். ஆனால் வரிசை என்று வந்துவிட்டால் அவருக்குக் கண் வேறு மாதிரி ஆகிவிடும்.

"தம்பி, மூணாங்குடிக்கு முந்தி ஏழாங்குடிக்குத் தண்ணி போற மாதிரிக் கெடக்கே."

"ஏழாங்குடித் தெரு வழியில கிடக்கு மரைக்கார். மூண்டாங்குடி அதத் தாண்டிக் கடற்கரையில இருக்கு."

"வழியில கெடந்தா? முறை வர வேணாமா?"

மற்ற ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். ஏழாங்குடி மரைக்காயரும் ஆட்டினார். அவருக்கு அன்று காது சரியில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார். எனவே இரும்புக் குழாய், கந்தூரிச் சோறு போகிற வழியில் போனது. மேற்கே முதலாங்குடிக்குப் போய், வடக்கே இரண்டாங்குடிக்குத் திரும்பி, ஜுனைதாவின் வளவு வாசலான கடப்படியால் கிழக்கே ஓடி மூன்றாங்குடிக்குக் கடற்கரையில் தண்ணீர் கொடுத்து, மறுபடியும் அதே கடப்படியால் மேற்கே வந்து நான்காங்குடிக்குப் போய், தெற்கே இரண்டு குடிகளைச் சுற்றி, எல்லா வளைவும் வளைந்து களைத்துத்தான் ஜுனைதாவின் கடப்படியில் வந்து நின்றது. வாசலால் இரண்டு தடவை போன தண்ணீர் மூன்றாம் தடவை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

செல்லத்தம்பி கணக்குப் பார்க்காமல் விட்டவர் அல்ல. ஒவ்வொரு குழாய்க்கும் இவ்வளவு தண்ணீர் என்று முதலில் எழுதினார். பிறகு அந்தத் தண்ணீர் போவதற்கு வழியில் எவ்வளவு அழுத்தம் தேய்ந்து போகும் என்று கழித்துக்கொண்டே வந்தார். ஏழாங்குடிக்கு வந்தபோது அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அந்தக் குழாய்க்குரிய தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், அடுத்தடுத்து நின்றன. ஒன்றை ஒன்று பார்த்து வெட்கப்படவில்லை. மேலே இருந்தவர்கள் கையொப்பம் போட்டார்கள். தாளில் ஏழாங்குடி நன்றாகவே நனைந்திருந்தது.

ஆரம்ப மாதங்களில், ஊர் குழாய்க்குப் பழகாத காலத்தில், ஏழாங்குடிக்கும் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. நோன்பு பிறந்ததும் கதை மாறியது. பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு ஊரே ஒன்றாகக் குழாயைத் திறந்தது. கஞ்சிக்கு, குளிக்க, வுளூவுக்கு, நோன்பு திறக்கும் மஃரிபுக்கு முன் எல்லாக் குடத்தையும் நிரப்பி வைக்க. ஆறு குடிகளும் பள்ளிவாசலின் ஹவுழ்த் தொட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைத்து உறிஞ்சினால் கடைசிக் குழாய் என்னதான் செய்யும். அதுவும் உறிஞ்சத் தொடங்கியது.

ஜுனைதா நூலுக்குச் சாயம் போடுகிறவள். அவள் போட்ட சிவப்பில் நெய்த சாரனைத் துவைத்துத் துவைத்துக் கிழித்தாலும் சிவப்பு கிழியாது என்பார்கள். சாயத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். ஏழாங்குடித் தெருக் கிணறுகள் எல்லாம் கடல் ஏறி உப்பாகிப் பல வருடம். உப்புத் தண்ணீரில் போட்ட சிவப்பு, பழைய செங்கல்லின் நிறத்துக்கு இறங்கிவிடும். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாத விஷயம் வேறு. அவளுக்கு ஒரே மகள், சுல்பிகா. அந்தக் கரையில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே பெண்ணுக்கு வீடு வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும். சாயம் போட்ட கையாலேயே ஜுனைதா மகளுக்கு அந்தக் கல்வீட்டைக் கட்டியிருந்தாள். கணவர் ஷரிபுதீன் சாரன் மூட்டையோடு சம்மாந்துறைச் சந்தைக்குப் போய்வருகிற சாது; எதைக் கேட்டாலும் "நீ சொன்னாச் சரிதான்" என்பவர். தெருவில் வசதி இருந்த இரண்டொரு குடும்பங்கள் தண்ணீர் உள்ள பக்கமாகக் காணி பார்க்கத் தொடங்கியிருந்தன. ஜுனைதாவுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை, விடுகிற எண்ணமும் இல்லை.

பெருநாள் கழிந்து சாய்ந்தமருதிலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மஜீட், கரைவலைக்காரக் குடும்பம். அவனுடைய உம்மா ஹவ்வா உம்மா, எதையும் தொட்டுப் பார்த்தே நம்புகிற பெண்மணி. சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவை இழுத்துப் பார்த்தார், சுல்பிகாவின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார், எல்லாம் பிடித்திருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்புக் கையைக் கழுவக் கடப்படிக் குழாயடிக்குப் போனார். அஸருக்குப் பிந்திய நேரம், மற்றக் குடிகளில் எல்லோரும் திறந்திருந்தார்கள். குழாயைத் திருகியதும் அது அவருடைய விரல் நுனியைப் பற்றி மெல்ல இழுத்தது. அவர் கையை உதறிக்கொண்டு, குழாயைப் பார்த்தபடியே சொன்னார்:

"வூடெல்லாம் நல்லாத்தான் இரிக்கி மதினி. தண்ணி இல்லாத வூட்டுக்கு எப்பிடி மகன அனுப்புற? குளிக்கிறதுக்குப் பெத்த உம்மாட வூட்டுக்கா வரச் சொல்ற?"

அந்தச் சொற்களில் ஒன்றுகூட ஜுனைதாவின் காதில் விழவில்லை. ஹவ்வா உம்மாவின் வாய் அசைந்தது, அவ்வளவுதான். அத்தனையையும் குழாய் வாங்கிக்கொண்டது. அதே வேளையில் ஆதம்லெவ்வை மரைக்காயர் தன் வளவில் செம்பை நீட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் சட்டென்று நின்றது. குழாயிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், தண்ணீர் இல்லாத வீட்டுக்கு எப்படி மகனை அனுப்புவது என்று அவரைக் கேட்டாள். மரைக்காயர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மார்பை மூடிக்கொண்டார். பிறகு, தனக்கு அனுப்புகிற வயதில் மகன் இல்லையே என்று யோசித்தார். சாய்ந்தமருதுக்காரர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

மரைக்காயர் ஆள் அனுப்பி ஓவசியரை வரவழைத்தார். செல்லத்தம்பி ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து ஜுனைதாவின் வளவில் நின்றார், மரைக்காயர் தன் குழாயில் கேட்ட பேச்சை அவளுக்குச் சொன்னார். குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். விடுவிக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. கணக்கின்படி இந்தக் குழாய் தண்ணீர் தருகிறது என்று முதலில் சொன்னார். சொன்னது அவருக்கே நன்றாக இல்லை. வேலியோரம் நின்ற பப்பாசி மரத்தில் இலைக் காம்புகளை ஒடித்துத் தரும்படி கேட்டார். உள்ளே ஓட்டையுள்ள அந்தக் காம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, முற்றத்து மணலில் ஊரைப் போட்டார். வாளி ஒன்று தாங்கியாயிற்று, சிரட்டைகள் குடிகளாயின. கந்தூரி வரிசையில் வளைத்து வளைத்துக் காம்பை ஓட்டினார். ஒவ்வொரு காம்பாகத் திறந்தபோது ஒவ்வொரு சிரட்டையும் நிரம்பியது. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தபோது ஏழாவது காம்பு, வழியில் போய்க்கொண்டிருந்த எறும்புகளை வரிசையாக உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவை முதலாங்குடிச் சிரட்டையில் நனைந்தபடி ஏறி நடந்தன. செல்லத்தம்பி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜுனைதா அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

"பிழை என்னிலதான் அக்கா. ஒவ்வொரு பைப்புக்கும் இவ்வளவு குடுக்க வேணும் எண்டு எழுதிப்போட்டு, குடுத்தாச்சு எண்டு கணக்குப் பாத்தன். உனக்கு இருக்கிற வலுவில எவ்வளவு தருவாய் எண்டு பைப்ப நான் கேக்கல்ல."

"அப்ப என்ட வளவுக்குள்ள கதைச்சது மரைக்கார்ர வூட்டுல கேட்டது?"

"ஒரு பைப்புக்குள்ள ஒண்டுதானே போகும். தண்ணி போகும், இல்லாட்டிக் காத்துப் போகும். கதையும் காத்துத்தான்."

ஜுனைதா எறும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மத்தவங்க கொஞ்ச நேரம் பூட்டி வெச்சா எங்களுக்குத் தண்ணி வரும் என்ன?"

"ஓம், வரும். தாங்கிக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு எப்பவும் வரும், அவங்க கடைசியா எடுத்தாலும் குறையாது. ஆனா ஆரு பூட்டுவாங்க?"

செல்லத்தம்பி பள்ளிவாசலுக்குப் போய் இரண்டு வழி சொன்னார். குழாயைக் கிளப்பி நேராகப் போடுவது ஒன்று. தூரத்துக் குடி முதலில், கிட்டத்துக் குடி பிறகு என்று முறை வைப்பது மற்றது. முதலாவதுக்கு இரும்பு இல்லை, இரண்டாவதுக்கு மனம் இல்லை. ஆதம்லெவ்வை மரைக்காயர் தன்னளவில் ஒரு தாராளமான ஏற்பாட்டைச் சொல்லியனுப்பினார். தண்ணீர் தர மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் எடுத்து முடித்த பிறகு ஏழாங்குடிப் பெண்கள் அவருடைய வளவுக்கு வந்து அள்ளிக்கொண்டு போகலாம், மிச்சம் எப்படியும் இருக்கும். சுல்பிகா அதைக் கேட்டதும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"வுடுங்க உம்மா. நான் போய் அள்ளிட்டு வாறன்."

"இண்டைக்கு நீ போனா மறுகா உன்ட மகளும் போவாள். வை குடத்த."

சேதி கொண்டுவந்த ஆளிடம் ஜுனைதா சொன்னாள்: "மரைக்காருக்குச் சலாம் சொல்லுங்க. பைப்பு என்ட கடப்படியில நிக்கிது. மிச்சம் அள்ள நான் ஒத்தர்ர வளவுக்கும் வர மாட்டன்."

அன்று அஸர் முடிந்ததும் அவள் ஒரு பலகையைக் குழாயடியில் போட்டு உட்கார்ந்து, குழாயைத் திறந்து, அதன் வாய்க்கு நேரே பேசத் தொடங்கினாள். ஏசவில்லை. ஏசினால் பதில் ஏச்சு வரும், அதோடு கதை முடிந்துவிடும். எந்த வீட்டில் உப்புத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினார்கள், எந்தப் பிள்ளைக்கு உப்பில் குளித்துக் குளித்து மேலெல்லாம் புண், பிரசவித்த பெண்ணைக் குளிப்பாட்ட யாருடைய வீட்டில் போய்க் கெஞ்சினார்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை மற்றக் குடிகளில் ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். குடத்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் கதைக்க வரிசையில் நின்றார்கள். சிலர் சந்தர்ப்பத்தை விடவில்லை. நான்காங்குடியில் இருந்த தன் நாத்தனாரின் ஆடு முருங்கையைத் தின்றது பற்றி ஒருத்தி பேசிய பேச்சு, நாத்தனாரின் குழாயில் மட்டுமல்ல, ஊர் முழுக்க விழுந்தது. ஆதம்லெவ்வை மரைக்காயரின் மனைவி அஸருக்குப் பிறகு வெற்றிலைத் தட்டத்தோடு குழாயடியில் போய் உட்காரப் பழகினார். சில நாள் பேச்சுக்குப் பதிலாகத் தண்ணீர் வந்துவிட்டால் முகம் வாடும்.

ஒரு வருடம் இப்படியே போனது. மாரியில் மழை நன்றாகப் பெய்ததால் யாரும் செத்துப்போகவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு நோன்பு வந்தபோது பேச்சு, பள்ளிவாசல் ஹவுழுக்குத் தண்ணீர் விடும் குழாயையும் எட்டிவிட்டது. வுளூவுக்குக் குனிந்த ஆண்களிடம் ஜுனைதாவின் குரல், எங்கட தெருவுக்குத் தண்ணி வரல்ல என்று மரியாதையாகச் சொன்னது. அந்தக் குரலுக்குப் பின்னால் வருகிற தண்ணீரில் வுளூக் கூடுமா என்று தொழுகை நடத்தும் கதீபிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, குரல் அசுத்தமல்ல, தண்ணீர் வந்தால் தாராளமாகக் கூடும் என்றார். அவள் கேட்பதிலும் பிழையில்லை என்று கூடவே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரைக்காயர்கள் கூடினார்கள். ஏழாங்குடிக் குழாயை அடைத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

நாவல் மரத்தில் சீவிய ஆப்பும் சுத்தியலுமாக ஆட்கள் வந்தபோது ஜுனைதா குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்ணைத் தொட்டு விலக்க அவர்களால் முடியாது. வேலி நிழலில் காத்திருந்தார்கள். நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னது. அவள் உள்ளே போய்த் தொழுகைக்கு நின்றாள். அவள் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில் இருக்கும்போது முதல் அடி விழுந்தது. ஒவ்வோர் அடியும் நிலத்தால் ஓடி வந்து அவள் நெற்றியில் பட்டது. அவள் தொழுகையை முறிக்கவில்லை. தொழுது முடித்துச் சலாம் கொடுத்து எழுந்து வந்தபோது குழாயின் வாயில் ஆப்பு இறுகியிருந்தது, ஆட்கள் போயிருந்தார்கள். அன்று ஜுனைதா அழுதாள். துக்கத்தில் அல்ல, கோபத்தில். சுல்பிகாவும் அழுதாள், அவளுடையது துக்கம்தான். மஜீடை அவள் வேலிக்குள்ளால் ஒரு தடவை பார்த்திருந்தாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஆறாங்குடிக் குழாய் வாங்கத் தொடங்கியது. அந்தக் குடி மரைக்காயரின் முகம் துடைக்கும் கைலேஞ்சியையும், பால் வாங்க வந்த ஒருவரின் பாதிப் பேச்சையும் இழுத்துக்கொண்டது. அவர்கள் பதறிப்போய் அதையும் அடைத்தார்கள். அடுத்த நாள் ஐந்தாங்குடிக் குழாய் வாங்கியது. அதையும் அடைத்தார்கள். நாவல் மரம் முடிந்து வேம்பில் ஆப்புச் சீவினார்கள். நோன்புக் கஞ்சி ஊர் முழுக்க ஒரே உப்பாகிக்கொண்டு வந்தது. நான்கும் மூன்றும் இரண்டும் அடைபட்டபின் ஒரு பின்னேரம் ஆதம்லெவ்வை மரைக்காயர் தன் வளவுக் குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்தார். அது அவருடைய சிவப்புத் துருக்கித் தொப்பியின் குஞ்சத்தைப் பற்றியது. அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். தொப்பி சுருண்டு, மடிந்து, ஒரு வெற்றிலைச் சுருளின் அளவுக்கு ஒடுங்கிக் குழாய்க்குள் போய்விட்டது. மரைக்காயரின் வெறுந்தலையை ஊர் அன்றுதான் பார்த்தது.

செல்லத்தம்பியைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். அவர் எதையும் திறந்து பார்க்கவில்லை.

"ஏழ அடைச்சீங்க, ஆறு கடைசியாச்சு. ஆற அடைச்சீங்க, அஞ்சு கடைசியாச்சு. இப்ப நீங்கதான் மரைக்கார் கடைசி. கடைசிய அடைச்சு முடிக்க ஏலாது."

தான் கடைசி என்று ஒருவர் தன் முகத்துக்கு நேரே சொன்னதை மரைக்காயர் அதுவரை கேட்டதில்லை. பிறகு தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு, ஓவசியரைக் கூட்டிக்கொண்டு, ஏழாங்குடித் தெருவுக்கு நடந்தார். அந்தத் தெருவுக்கு மையித்து இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. முற்றத்தில் செங்கல் நிறமாய்ப் போன நூல் காய்ந்துகொண்டிருந்தது. ஜுனைதா கதிரையைப் போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவு நிலையோடு நின்றாள்.

"என்ன புள்ள வேணும் உனக்கு?"

"தண்ணி வேணும் மரைக்கார்."

"அதுதான் அண்டைக்கே சொன்னனே, வந்து அள்ளுங்க எண்டு."

"மிச்சம் வேணாம். முதல்ல நாங்க எடுக்க வேணும். மறுகா ஆறாங்குடி, மறுகா அஞ்சாங்குடி. நீங்க எல்லாருக்கும் பொறவு."

மரைக்காயர் துவாயைச் சரிசெய்தார். "வரிசைய மாத்தச் சொல்றாய்."

"சோத்துட வரிசைய நீங்களே வெச்சிக்கங்க. நான் தண்ணிக்குச் சொல்றன். அது நீங்க சொன்ன வரிசையில ஒரு வரிசம் வந்து பாத்திச்சு. அதால ஏலல்ல."

மரைக்காயர் ஓவசியரைப் பார்த்தார். ஓவசியர் வேலியோரம் நின்ற பப்பாசி மரத்தைப் பார்த்தார்.

"நீங்க முடிச்சது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்லுவன். பைப்பத் துளி தொறந்து வெச்சிக் கேளுங்க. போதும் எண்டு நான் சொன்னா மத்தவங்க தொறக்கலாம்."

"நீ சொல்லாட்டி?"

"சொல்லாட்டிப் போதல்ல எண்டு அர்த்தம்."

ஆப்புகளைக் கழற்ற மரைக்காயரே சம்மதித்தார். அன்று மற்ற எல்லாக் குழாயும் பூட்டியிருந்தது. ஏழாங்குடி ஆப்பு வெளியே வந்ததும் முதலில் ஒரு மூச்சுக் காற்று வந்தது. அடுத்து சிவப்புத் தொப்பி, குஞ்சத்தோடு, சற்றே சுருங்கி. அதற்குப் பின்னால் தண்ணீர், கை பருமனுக்கு, துருப்பிடித்த நிறத்தில் தொடங்கி மெல்ல மெல்லத் தெளிந்து. ஏழாங்குடிப் பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள். ஜுனைதா குடம் எடுக்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தி முகத்தைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். அவள் அழுகிறாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லாத அளவுக்குத் தண்ணீர் வந்தது. தொப்பியை அவள் ஒரு பீங்கானில் வைத்துக் கொடுத்தாள். அது காய்ந்த பிறகும் மரைக்காயரின் தலைக்குச் சற்று இறுக்கமாகவே இருந்தது.

அன்றிலிருந்து தாழைமுனையில் தண்ணீர் எடுப்பது அந்த முறைதான். அஸர் தொழுகைக்குப் பிறகு ஏழாங்குடி திறக்கும். மற்ற வளவுகளில் குழாயை நூலிழை அளவுக்குத் திறந்து காதைக் கொடுத்திருப்பார்கள். "போதும்" என்று ஜுனைதாவின் குரல் வரும். ஆறாங்குடி திறக்கும். அவர்கள் போதும் என்பார்கள், ஐந்தாங்குடி திறக்கும். இப்படியே ஏறி ஏறி முதலாங்குடிக்கு வரும்போது மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கும். தாங்கிக்குக் கிட்டத்து வீடு என்பதால் ஒரு நாளும் குறைந்ததில்லை. செல்லத்தம்பி கணக்கை முதலிலிருந்து போட்டார். இம்முறை எந்தக் குழாய்க்கும் பக்கத்தில் இவ்வளவு தண்ணீர் என்று முன்கூட்டி எழுதவில்லை; அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் தண்ணீர் என்று ஆரம்பித்து, கடைசிக் குழாயிலிருந்து மேலே ஏறினார். கந்தூரிச் சோறு பழைய வரிசையிலேயே தொடர்ந்தது. அதைப் பற்றி யாரும் சண்டை பிடிக்கவில்லை, இறைச்சி தீர்ந்துபோகிற நாட்களைத் தவிர.

சாயத்தில் சிவப்பு திரும்பி வந்தது. ஹவ்வா உம்மாவும் திரும்பி வந்தார். கடப்படிக்கு வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே குழாயடிக்குப் போய்த் திருகினார். முழங்கை வரைக்கும் நனைந்தது. ஈரக் கையாலேயே சுல்பிகாவின் கன்னத்தைக் கிள்ளி, ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்றார்.

கலியாணம் கச்சான் காற்று வீசுகிற காலத்தில் வந்தது. வயல் வெடித்து, காற்றில் மணல் சுழன்று, தாங்கியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. இரவுக்குத்தான் மாப்பிள்ளை வருகிறான், ஊர் முழுக்க அழைப்பு. அஸருக்குப் பிறகு ஏழாங்குடிக் குழாய் திறந்தது. ஜுனைதா சாயப்பானைகள் எல்லாவற்றையும் நிரப்பினாள். சோறாக்கும் கிடாரங்களை நிரப்பினாள். மாப்பிள்ளைக்குக் குளிக்க வைத்த பீப்பாயை வழிய வழிய நிரப்பினாள். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்தாள், வேலிக்குத் தெளித்தாள், சுவரைக் கழுவினாள். உப்புக் கிணற்றுக்குள்கூட இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றினாள், ஏன் என்று ஷரிபுதீன் கேட்கவில்லை. அவள் நன்றாகத் தெரிந்துதான் செய்தாள். அந்தத் தெரு ஒரு நாளாவது போதும் போதும் என்று சலிக்கும் அளவுக்குத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மற்ற ஆறு குடிகளும் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தன.

ஆதம்லெவ்வை மரைக்காயர் கலியாணத்துக்குப் புறப்படக் குளிக்க வந்திருந்தார். வழக்கமான நேரத்தை மனதில் வைத்து, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் தலைக்கும் மேலுக்கும் சவர்க்காரத்தைப் போட்டுவிட்டார். நுரை கண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. தடவித் தடவிக் குழாயைப் பிடித்துத் திருகினார். தண்ணீர் வரவில்லை. தூரத்தில் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தமும், பெண்களின் சிரிப்பும், அவற்றுக்கு மேலே ஜுனைதாவின் குரலும் வந்தன.

"இன்னும் இல்ல மரைக்கார். பூட்டுங்க."

மரைக்காயர் பூட்டினார். கண்ணை மூடியபடியே காலால் பலகையைத் தேடி இழுத்துப் போட்டு, நுரையோடு அதில் உட்கார்ந்தார்.